வாடை பிடித்த கரை: தனுஷ்கோடியில் மார்கழி, தை மாதப் பறவை நோக்கல்

தனுஷ்கோடிக்குக் கிளம்புகிறவர்கள் முதலில் விசாரிப்பது "பூநாரை வந்தாச்சா?" என்றுதான். அதைவிட உதவுகிற விசாரிப்பு ஒன்று உண்டு: "முந்தாநாளிலிருந்து காற்று எப்படி?" இராமேசுவரம் தீவில் கரைப்பறவைகள் எந்தப் பக்கம் நிற்கும், எத்தனை நேரம் நிற்கும் என்பதையெல்லாம் பெரும்பாலும் காற்றுதான் முடிவு செய்கிறது.

பாக் விரிகுடாவிலும் மன்னார் வளைகுடாவிலும் கடல் ஏறுவதற்கும் வற்றுவதற்கும் இடையே ஒரு மீட்டர் உயர வித்தியாசம்கூட வராது. குஜராத் கரையில் கடல் வெகுதூரம் உள்வாங்கிச் சேற்றைத் திறந்துவிடுமே, அந்தக் காட்சி இங்கே கிடையாது. ஓத அட்டவணையில் காலை எட்டு மணிக்கு வற்றம் என்று பார்த்துவிட்டுப் போனால், எட்டு மணிக்கும் அலை கரையை நக்கிக்கொண்டிருக்கும். இரண்டு நாள் விடாமல் வாடை, அதாவது வடகிழக்குக் காற்று, அடித்திருந்தால், வடக்கிலிருந்து தள்ளப்பட்ட நீர் தீவின் வடகரையில் ஏறி நிற்கிறது. பாம்பன் கால்வாய் வழியே தெற்கே வடிகிறது. காற்று ஒரு நாள் ஓய்ந்தால் போதும், அதே இடத்தில் அகலமாக ஈரமணல் வெளியே வரும். நீர்மட்டத்தில் ஒரு சாண்தான் வித்தியாசம். ஆனால் தட்டையான கரையில் ஒரு சாண் இறக்கம் என்பது உள்ளான் என்ற சிறு கரைப்பறவைகள் ஆயிரத்துக்கு மேய்ச்சல் நிலம். அதனால் ஓத அட்டவணையைப் பார்க்கும்போது பக்கத்திலேயே மூன்று நாள் காற்றுக் கணிப்பையும் வைத்துப் பாருங்கள். காற்று தணிந்த மறுநாளும் வற்றமும் சேர்ந்து வரும் காலைதான் வடகரைக்கு உகந்தது. விடாமல் வாடை அடிக்கும் நாளில் வடகரையைப் பிடித்துத் தொங்க வேண்டாம். தென்கரைக்கும் உள்கழிகளுக்கும் போய்விடுங்கள்.

இந்தக் கரையின் மீனவர்கள் பாக் விரிகுடாவை வடகடல் என்றும் மன்னார் வளைகுடாவைத் தென்கடல் என்றும் பிரித்துச் சொல்வார்கள். அமைதியான வடகடல் பெண்கடல், சீறும் தென்கடல் ஆண்கடல் என்ற பேச்சும் உண்டு. சுற்றுலா வழிகாட்டிகள் அதை வருடம் முழுக்கப் பொருந்துவதுபோல் ஒப்பிப்பார்கள். வாடைக் காலத்தில் கதை தலைகீழ். மார்கழியில் வடகடல் குமுறும், தென்கடல் குளம்போலக் கிடக்கும். ஆனி, ஆடியில் கச்சான் என்ற தென்மேற்குக் காற்று எழும்பும்போதுதான் பழைய பெயர் பொருந்துகிறது.

மாதக் கணக்குக்கு வருவோம். அக்டோபர் பின்பாதியிலிருந்து டிசம்பர் நடு வரை மழையும் புயல் எச்சரிக்கையும் மாறி மாறி வரும். பறவைகள் வந்திருக்கும், ஆனால் பார்க்க விடாது. 1964 டிசம்பர் 22, 23 தேதிகளில் ஊரையே அடித்துக்கொண்டுபோன புயல் வந்த கடல் இது. எச்சரிக்கைக் கூண்டு ஏறிய நாளில் தீவின் முனைக்குப் போவதில் வீரம் ஒன்றும் இல்லை. பொங்கலுக்குப் பிறகு மழை நின்று, காற்று ஒரே திசையில் சீராகி, கழிகளில் நீர் மெல்லக் குறையத் தொடங்கும். தை பிறந்ததிலிருந்து மாசி நடு வரைதான் நல்ல காலம். பங்குனியில் இன்னொரு லாபம் உண்டு: வடக்கே கிளம்பும் முன் மணல் உப்புக்கொத்திகளின் மார்பு செம்மண் நிறமாகும், வளைமூக்கு உள்ளான்கள் செங்கல் நிறத்துக்கு மாறும். வெயில்தான் தாங்காது.

நாள் திட்டத்தை வெளிச்சத்தை வைத்துப் போட வேண்டும். தீவின் வால் அரிச்சல்முனையை நோக்கித் தென்கிழக்காக நீள்கிறது. முகுந்தராயர் சத்திரத்திலிருந்து பழைய தனுஷ்கோடி வரை 5 கி.மீ., அங்கிருந்து முனைவரை இன்னும் 4.5 கி.மீ. 2017இல் திறந்த தார்ச்சாலை முழுவதும் இந்த வாலின் முதுகில்தான் ஓடுகிறது. முனைக்குப் போகும்போது இடப்பக்கம் வடகடல், வலப்பக்கம் தென்கடல். ஜனவரிச் சூரியன் கிழக்கிலிருந்து சற்றுத் தெற்கே ஒதுங்கி எழுவதால், காலையில் முனைக்குப் போகிறவரின் கண்ணிலேயே வெயில் அடிக்கும். எல்லாப் பறவையும் கரிக்கட்டைதான். ஆகவே காலையில் வழியில் எங்கும் நிற்காமல் நேரே முனைக்குப் போய்விட்டு, திரும்பி வரும்போது ஒவ்வொரு இடமாக நிறுத்திப் பாருங்கள். சாலை ஓரத்தில் நின்று தென்கடலை நோக்கினால் வாடை முதுகில் அடிக்கும், வெயில் இடத்தோளுக்குச் சற்றுப் பின்னாலிருந்து விழும். பறவைகள் காற்றை எதிர்த்துத்தான் நிற்கும், காற்றை எதிர்த்துத்தான் எழும்பும். எனவே முகமும் மார்பும் உங்கள் பக்கம். மாலையில் இதைத் திருப்பிப் போட்டுக்கொள்ளலாம். மூன்று மணிக்கு மேல் வெயில் முதுகுக்குப் போனதும் வடகரையைப் பாருங்கள். காற்றும் சாரலும் முகத்தில் அறைந்தாலும் நிறம் தெளிவாகத் தெரியும். முனைப்பகுதியிலிருந்து மாலையில் எல்லோரையும் வெளியேற்றிவிடுவார்கள். எத்தனை மணி என்பதைப் போகும்போதே சோதனைச் சாவடியில் கேட்டுக்கொள்ளுங்கள்.

கருவி விஷயத்தில் பலர் தப்புக் கணக்குப் போடுவது பைனாகுலரில். திறந்த வெளி, தூரத்துப் பறவை, எனவே 10x42 என்று வாங்கிக்கொண்டு வருகிறார்கள். வாடையில் நின்றுகொண்டு பத்து மடங்கைப் பிடித்தால் பறவையோடு சேர்ந்து கையும் ஆடுகிறது. 8x42 போதும்; தாழப் பறந்து ஓடும் உள்ளான் கூட்டத்தைத் தொடர அதன் அகன்ற பார்வைப் பரப்பும் கைகொடுக்கும். தூரத்துக்கு ட்ரைபாடில் பொருத்திப் பார்க்கும் ஒற்றைக்குழல் தொலைநோக்கியான ஸ்பாட்டிங் ஸ்கோப்தான். அதிலும் 60 மடங்கு என்று பெட்டியில் அச்சடித்திருப்பதை மறந்துவிடுங்கள். ஒன்பதரை மணிக்கு மேல் மணலிலிருந்து கானல் எழும்பும், 25 அல்லது 30 மடங்குக்கு மேல் திருகினால் பறவை கொதிக்கிற பாயசம்போல் தெரியும். கால் நிறமும் அலகு நீளமும் பார்க்க வேண்டிய வேலைகளை எட்டரைக்குள் முடித்துவிட வேண்டும். நண்பகலில் எண்ணிக்கை மட்டும் எடுக்கலாம்.

ட்ரைபாட் நடுத்தண்டை உயர்த்தவே கூடாது. ட்ரைபாட் கால்களை முழுக்க நீட்டி நின்று பார்ப்பதைவிட, கடைசிக் கட்டை மடக்கி, மடக்கு நாற்காலியிலோ கவிழ்த்த வாளியிலோ உட்கார்ந்து பார்த்தால் ஆட்டம் பாதியாகும். பறவைக்கும் நீங்கள் சிறிதாகத் தெரிவீர்கள். கனத்துக்காகப் பையைத் தொங்கவிடும் வழக்கம் இங்கே சில சமயம் வேலையைக் கெடுக்கும்: அந்தரத்தில் தொங்கும் பை காற்றில் ஊஞ்சலாடி ட்ரைபாடையும் ஆட்டும். பையின் அடி மணலைத் தொட்டு உட்காரும்படி கயிற்றை நீட்டிக் கட்டுங்கள். ஈரமணலில் கால்கள் ஒவ்வொன்றாகப் புதைந்து ஸ்கோப் சாய்வதைத் தடுக்க, கால் ஒன்றுக்கு ஒரு பழைய டப்பா மூடி போதும். எல்லாவற்றையும்விட நல்ல காப்பு கார்தான். காற்றுக்குக் குறுக்காக நிறுத்தி, காற்று மறைவான பக்கத்தில் உட்காருங்கள். இறங்காமல் கண்ணாடிக் கதவின்மேல் துணியை மடித்துப் போட்டு ஸ்கோப்பைச் சாய்த்தும் பார்க்கலாம். எஞ்சினை அணைத்துவிட வேண்டும், அதன் அதிர்வு ஸ்கோப்பில் தெரியும். சாலையை விட்டு மணலில் வண்டியை இறக்குவது பற்றி யோசிக்கவே வேண்டாம். சக்கரம் புதையும் என்பது சின்ன விஷயம். கோடையில் அதே மணலில்தான் உப்புக்கொத்தியும் சின்ன ஆலாவும் முட்டை இடுகின்றன.

மணல் முழங்கால் உயரத்துக்குள்தான் அதிகம் பறக்கிறது. உட்கார்ந்து பார்க்கிறவருக்கு அது கண்ணிலும் கண்வில்லையிலும் விழும். பார்க்காத நேரத்தில் மூடி போடும் பழக்கம் வேண்டும். ஸ்கோப்பின் முகப்பை வெறுமனே காற்று போகும் பக்கம் திருப்பி வைத்தாலே பாதி மணல் தப்பும். கண்ணாடி வில்லையில் படிந்ததை உலர்ந்த துணியால் துடைப்பதுதான் பெரிய தவறு. இந்தக் கரை மணலில் குவார்ட்ஸ் துகள் உண்டு, துணி உப்புத்தாள் ஆகிவிடும். முதலில் ரப்பர் ஊதியால் ஊதுங்கள். நீர் புகாத பைனாகுலர் என்றால் அறைக்குத் திரும்பியதும் மெல்லிய தண்ணீர்த் தாரையில் கழுவுங்கள். கடைசியில்தான் துணி. ட்ரைபாட் காலின் பூட்டுகளைக் கழற்றி நல்ல தண்ணீரில் அலசி, பிரித்தபடியே காயவிட வேண்டும். அன்றிரவே செய்யாவிட்டால் இரண்டாம் நாள் பூட்டு நறநறக்கும், ஒரு மாதத்தில் இறுகிவிடும். கேமராவில் லென்ஸ் மாற்றுவதைக் காருக்குள், கண்ணாடியை ஏற்றிவிட்டுச் செய்யுங்கள். குறிப்பேட்டுக்குப் பென்சில். சாரலில் மை கரையும், பக்கம் படபடக்கும். இரண்டு ரப்பர் பேண்டு மறக்காதீர்கள்.

இனி பறவைகள். காற்றுள்ள நாளில் பறவையின் உருவமே மாறித் தெரியும் என்பதை முதலில் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். இறகு உடலோடு ஒட்டும், கழுத்து உள்ளே போகும், பெரியது சிறிதாகும். வழிகாட்டி நூலில் நிமிர்ந்து நிற்கும் பறவை இங்கே உருண்டையாகப் படுத்திருக்கும். உருவத்தை நம்பாமல் அலகையும் காலையும் பாருங்கள். ஓசையும் பெரிதாக உதவாது; காரின் மறைவில் நின்றால்தான் பவளக்கால் உள்ளானின் கூவல்கூடக் காதில் விழும்.

அதிகக் குழப்பம் தருவது மணல் உப்புக்கொத்திகள். குளிர்கால உடையில் பெரியதும் சிறியதும் ஒரே சாம்பல் பழுப்பு. அலகின் நீளத்தை, அலகின் அடியிலிருந்து கண்ணின் பின்விளிம்பு வரையுள்ள தூரத்தோடு ஒப்பிடுங்கள். அலகு அதற்குச் சமமாகவோ நீளமாகவோ இருந்தால் பெரிய மணல் உப்புக்கொத்தி. தெளிவாகக் குட்டையாக இருந்தால் சிறியது. பெரியதன் கால் மஞ்சள் கலந்த பச்சைச் சாயலில் இருக்கும், சிறியதன் கால் கருமை. ஆனால் சேறு அப்பிய கால் எல்லாமே கருமை என்பதால், நீரில் நடந்து கழுவிக்கொள்ளும்வரை காத்திருப்பது நல்லது. பறக்கும்போது பெரியதன் விரல் வாலுக்கு வெளியே நீட்டித் தெரியும். சிறியதை இப்போது திபெத்திய, சைபீரிய என இரண்டு இனங்களாகப் பிரித்துவிட்டார்கள். இங்கே குளிர்காலத்தைக் கழிப்பது பெரும்பாலும் திபெத்திய வகை.

இவற்றுக்கு நடுவே கழுத்தின் பின்புறம் முழுதாக வெள்ளைப் பட்டை ஓடும், இன்னும் சிறிய, மணலில் பந்துபோல் உருளும் பறவை தென்பட்டால் அது வேறு குடும்பக் கதை. நெடுங்காலம் கெண்டிஷ் உப்புக்கொத்தியின் உள்ளினம் என்று எழுதிவந்த இலங்கை, தென்னிந்தியப் பறவையை 2023இல் தனி இனமாக ஏற்று, அனுமன் உப்புக்கொத்தி என்று பெயரிட்டார்கள். சேதுவின் இரு கரையிலும் வாழும் பறவைக்கு அதைவிடப் பொருத்தமான பெயர் கிடைப்பது கடினம். இது வலசை வராமல் இங்கேயே இருக்கும். ஆணுக்குக் கண்ணுக்கும் அலகுக்கும் நடுவே உள்ள இடம் வெளுத்திருக்கும். கெண்டிஷ் ஆணுக்கு அங்கே கருங்கோடு உண்டு. குளிர்காலத்தில் கெண்டிஷும் வந்து கலந்துகொள்வதாலும் அந்தக் கோடு மங்கிவிடுவதாலும், பெண் பறவையையும் இளசையும் 'அனுமன் அல்லது கெண்டிஷ்' என்று எழுதுவதுதான் நேர்மை. பட்டியலில் ஒரு பெயர் கூடுவதற்காக ஊகத்தை ஏற்ற வேண்டாம்.

அலை திரும்பும் விளிம்போடு விசைப்பொம்மைபோல் ஓடிவிட்டு அடுத்த அலைக்கு முன் திரும்பி ஓடுவது சாண்டர்லிங். அதைவிடச் சிறிதாக, கழிச்சேற்றில் தையல் இயந்திரம்போல் குத்திக்கொண்டே போவது கொசு உள்ளான். கொசு உள்ளானைவிடப் பெரிதாக, வளைந்த அலகோடு வயிறு நனைய நீரில் நின்று குத்துவது வளைமூக்கு உள்ளான். எழும்பினால் இடுப்பு வெள்ளையாகத் தெரியும்.

ஆலாக்களுக்கு அலகு நிறம் போதும். பச்சை கலந்த மஞ்சள் என்றால் பெரிய கொண்டை ஆலா. ஆரஞ்சு என்றால் சிறிய கொண்டை ஆலா. கறுத்த அலகின் நுனி மட்டும் மஞ்சள் என்றால் சாண்ட்விச் ஆலா. முள்ளங்கித் தடிமனில் சிவப்பு என்றால் காஸ்பியன் ஆலா. குட்டையான தடித்த கறுப்பு என்றால் பருத்த அலகு ஆலா. மாலை வெயிலில் மஞ்சளும் ஆரஞ்சாகத் தெரியும். ஐந்து மணிக்கு மேல் கொண்டை ஆலாக்களைப் பிரிப்பதை விட்டுவிடலாம். மணல்திட்டுகளில் இவற்றோடு நிற்கும் கருஞ்சாம்பல் முதுகுப் பெரிய கடற்காகங்களைச் சாதாரணமாக எண்ண வேண்டாம். எதிர்க்கரையான மன்னார் தீவில் 2021இல் ஜிபிஎஸ் கருவி பொருத்தப்பட்ட அவ்வகைக் கடற்காகம் ஒன்று ரஷ்யாவின் ஆர்க்டிக் பகுதிவரை போய்த் திரும்பியது பதிவாகியிருக்கிறது.

இந்தத் தீவுக்கென்றே வர வைக்கும் பறவை என்று ஒன்றைச் சொல்லச் சொன்னால் பூநாரையை அல்ல, நண்டுண்ணியைச் சொல்வோம். கறுப்பு வெள்ளை, நீலச்சாம்பல் கால், உள்ளான் வம்சத்துக்கே பொருந்தாத கனத்த கரிய அலகு. அரபிக்கடல் சுற்றுவட்டாரக் கரைகளில் மணலில் வளை தோண்டி உள்ளே ஒற்றை முட்டை இடுகிறது. கரைப்பறவைகளில் இப்படி வளையில் கூடு வைப்பது வேறு எதுவும் இல்லை. குளிர்காலத்திலும் சாம்பல் படிந்த இளசு ஒன்று தாயின் பின்னால் தலையைத் தாழ்த்திக் கெஞ்சிக்கொண்டே நடப்பதையும், தாய் நண்டைக் கால் கழற்றிக் கொடுப்பதையும் பார்க்கலாம். அந்திப் பொழுதில்தான் சுறுசுறுப்பாக இரை தேடும். நண்பகலில் தூரத்துத் திட்டில் வெள்ளைக் கற்கள்போல் அசையாமல் நிற்கும். அவசரமாகப் பார்ப்பவர் கடற்காகம் என்று கடந்துவிடுவார்.

பூநாரைக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கோதண்டராமர் கோயிலைச் சுற்றியுள்ள கழியில், நீர் அதன் காலுக்குள் அடங்கும் ஆழத்தில் இருக்கும்வரை நிற்கும். வற்றினால் இடம் மாறும். மழை மிகுந்து கழி ஆழமாக இருக்கும் வருடத்தில் தாமதமாகும். 2025 ஜூனில் 524.7 ஹெக்டேர் பரப்பு பெரும் பூநாரைச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. உள்ளே இறங்கி நடந்து படமெடுப்பது இப்போது வெறும் மரியாதைக் குறைவு மட்டுமல்ல, சட்டப்படி குற்றமும் ஆகலாம். சாலையிலிருந்தே ஸ்கோப்பில் நன்றாகத் தெரியும். இன்னொன்று: கழியோரத்தில் உப்புப் பொரிந்து காய்ந்த தரைபோல் தெரிவது மேலோடுதான். கீழே முழங்கால்வரை சேறு.

கூட்டத்தை எண்ணுவதற்கு முதலில் பத்து பறவையை எண்ணி, அது கண்ணில் எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று பார்த்து, அதை நூறாகப் பெருக்கி, கூட்டத்தின்மேல் நூறு நூறாக அடுக்குங்கள். இடமிருந்து வலம் ஒருமுறை, வலமிருந்து இடம் ஒருமுறை. இரண்டும் பத்து சதவீதத்துக்கு மேல் வேறுபட்டால் மூன்றாம் முறை. கலந்த கூட்டம் என்றால் மொத்தத்தை முதலில் எடுத்துவிட்டு, ஸ்கோப்பில் ஐந்து இடங்களில் இனம் பிரியுங்கள். மொத்தம் 1200, பிரித்துப் பார்த்த 150இல் வளைமூக்கு உள்ளான் 90, கொசு உள்ளான் 40, மணல் உப்புக்கொத்தி 20 என்றால் கணக்கு 720, 320, 160 என்று வரும். அந்த ஐந்து இடங்களும் கூட்டத்தின் ஓரத்திலிருந்தே எடுத்ததாக இருக்கக் கூடாது. சிறிய பறவைகள் கரையோரத்திலும் நெடுங்கால்கள் ஆழத்திலும் நிற்பதால் விகிதம் கெடும். ஜனவரியில் நடக்கும் ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பில் சேர்கிறவர்கள் வடகரை, தென்கரை, கழி மூன்றுக்கும் தனித்தனிப் பட்டியல் வைப்பது நல்லது. காற்று மாறினால் அதே கூட்டம் சாலையைத் தாண்டி மறுபக்கம் இறங்கும். நேரத்தையும் பறந்த திசையையும் எழுதாவிட்டால் ஒரே பறவையை இருமுறை எண்ணிவிடுவீர்கள்.

நெருங்குவதில் எல்லை நூறு மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு முன்பே மேய்வதை நிறுத்தித் தலை தூக்கினால் நில்லுங்கள். கழுத்தை நீட்டி எல்லாமே ஒரே பக்கம் நடக்கத் தொடங்கினால் பின்வாங்குங்கள். இறக்கையை ஒருமுறை தூக்கி மடக்கினால் அடுத்தது பறப்புதான். காற்று நாளில் எழும்பி இறங்குவது அவற்றுக்கு வெறும் சலனம் அல்ல, வடக்கே போகச் சேர்த்துவைத்த கொழுப்பின் செலவு. ட்ரோனை ஊரிலேயே வைத்துவிட்டு வாருங்கள். எல்லையோரக் கடல் இது. பறவை கலைவதோடு உங்களையும் விசாரிப்பார்கள். நீண்ட லென்ஸ் வைத்திருப்பவர் அடையாள அட்டையும் வைத்திருக்க வேண்டும்.

மண்டபம் பக்கம் மனோலித் தீவு, முயல் தீவு எல்லாம் கரைப்பறவைக்குப் பெயர் பெற்றவைதான். ஆனால் அவை 1986இல் அறிவிக்கப்பட்ட மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்காவின் 21 தீவுகளைச் சேர்ந்தவை. வனத்துறை அனுமதியில்லாமல் இறங்கக் கூடாது. "நான் கொண்டுபோய் விடுறேன் சார்" என்று படகோட்டி சொன்னாலும் மாட்டுவது இருவரும்தான். பிள்ளைமடம் கழி கரையிலிருந்தே பார்க்கக்கூடியது, அதுவே ஒரு காலைக்குப் போதும். அரிச்சல்முனையில் தெரியும் மணல்திட்டுக்கு நடந்து போய்விடலாம் என்று தோன்றும். இரண்டு கடலும் சந்திக்கும் இடத்தில் நீரோட்டம் காலை வாரும், இறங்காதீர்கள்.

குளிராது, ஆனால் காற்று வியர்வையை உடனே உலர்த்துவதால் தாகம் தெரியாமல் தலைவலி வரும். ஆளுக்கு மூன்று லிட்டர் தண்ணீர், தாடைக்கயிறு உள்ள தொப்பி, கண்ணை மூடும் கண்ணாடி. கழிப்பறை, நிழல் இரண்டையும் எதிர்பார்த்துப் போக வேண்டாம்.

கரையில் கிடக்கும் நைலான் வலைத்துண்டில் சிக்கிய பறவை கண்ணில் பட்டால் இழுக்காதீர்கள். தலையைத் துணியால் மூடினால் அமைதியாகும். சின்னக் கத்தரியால் இழையை வெட்டுங்கள், காலில் வெட்டு ஆழமாக இருந்தால் வனத்துறைக்குத் தகவல் கொடுங்கள். ஆய்வாளர்கள் அடையாளத்துக்காகப் பறவையின் காலில் மாட்டிய வளையமோ கொடியோ தெரிந்தால் நான்கு விஷயம் வேண்டும்: எந்தக் கால், முட்டிக்கு மேலா கீழா, மேலிருந்து கீழாக நிற வரிசை, எழுத்து இருந்தால் அந்த எழுத்து. பறவையின் வலக்காலா நம் வலப்பக்கமா என்பதில் பாதிப் பதிவுகள் வீணாகின்றன. தெளிவில்லாவிட்டாலும் படம் எடுத்துவிட்டு, பறவை திரும்பி நிற்கும்வரை ஸ்கோப்பை விட்டு நகராமல் இருங்கள். ஒற்றைக்காலில் தூங்குகிற உள்ளான் மற்றக் காலை இறக்க அரைமணி நேரம்கூட ஆகும்.